அக்கா சொன்ன ஓம்

பொலிசுக்கும் எங்கள் சனத்துக்கும் இடையில் நம்பிக்கையைக் கட்டியெழுப்ப ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு விழா வைத்தார்கள். அதற்கு வேண்டிய சாமான்கள் மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, மட்டன் றோல்ஸ். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. அதில் ஒரு வெள்ளைக் கையும் ஒரு மண்ணிறக் கையும் குலுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு கையிலும் நல்ல விலையான மணிக்கூடு கட்டியிருந்தது. என் அக்காவின் கழுத்தில் அன்று ஒன்றும் இல்லை. அவளைத்தான் மேடையில் ஏற்றினார்கள்.

முதலில் அவளுடைய தாலிக்கொடி போன கதையைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் அந்த விழாவைத் திட்டினால் எனக்கு வாய்க்கொழுப்பு என்றுதான் நினைப்பீர்கள். வாய்க்கொழுப்பும் இருக்கிறது, அது வேறு.

அக்காவும் அத்தானும் ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இருக்கிறார்கள். மகள், வீடு மலிவு என்று, தூரத்தில் அஜக்ஸ் பக்கம் போய்விட்டாள். அதனால் டொக்டரிடம் போவதென்றாலும் வங்கிக்குப் போவதென்றாலும் ஆங்கிலம் கதைக்க நான்தான். நான் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை செய்கிறேன். வாயைத் திறக்கப் பயந்த மனிதர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள். ஆனாலும் எங்கள் அத்தானைப் போல ஒருவரை அங்கே கண்டதில்லை.

அன்று இரண்டு பேரும் தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனார்கள். அத்தான் உள்ளே மீன் வெட்டுகிறவனோடு தலைக்கும் வாலுக்கும் வழக்காடிக்கொண்டிருக்க, அக்கா முருங்கைக்காய் பையோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றாள். ஒரு வெள்ளை வான் வந்து பக்கத்தில் நின்றது. அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி இறங்கி, ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாள். அக்கா கையைக் காட்டிச் சொன்னாள். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நீங்கள் என் செத்துப்போன அம்மாவைப் போல இருக்கிறீர்கள் என்றாள், அழுதாள், கட்டிப்பிடித்தாள். அக்காவின் விரலில் ஒரு மோதிரத்தைப் போட்டாள், கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டாள், கன்னத்தில் கொஞ்சினாள். எங்கள் அக்காவும் பாவம், ஆரோ பெத்த பிள்ளை என்று அவள் முதுகைத் தடவிவிட்டாள். வான் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனபோதுதான் கண்டாள். கழுத்தில் கிடந்தது பித்தளை. கொடி இல்லை.

அந்தக் கொடி எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்தது தெரியுமா? இடம்பெயர்ந்து ஓடும்போது சட்டைக்குள் தைத்துக்கொண்டு ஓடினாள். கொழும்பு லொட்ஜில் தலையணைக்குள் வைத்துப் படுத்தாள். துவக்கோடு நின்றவனிடமெல்லாம் தப்பிய கொடியை, ஒரு கொஞ்சலில் கொண்டு போய்விட்டாள் அந்த அறுதலி.

எனக்கு வேலைக்குப் போன் வந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தாள். அத்தான் போனைப் பறித்தார்.

"பிள்ளை, போனது போட்டுது. உந்தக் கதையை விடும். பொலிஸ் வாசலிலை வந்து நிண்டா பில்டிங்கிலை சனம் என்ன கதைக்கும்?"

"கள்ளர் வந்து கட்டிப்பிடிக்கலாம், பொலிஸ் வரக்கூடாதோ? சும்மா இருங்கோ அத்தான், நான் அடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு நானே பொலிசுக்குப் போன் அடித்தேன். விலாசத்தை மட்டும் வாங்கினார்கள், மிச்சத்தை வீட்டுக்கு வந்து கேட்பார்களாம்.

நான் வேலை முடிந்து பஸ் பிடித்து வருவதற்குள் அவர்கள் வந்து அலுவலை முடித்திருந்தார்கள். லிப்ட் வாசலில் கண்டேன், இரண்டு இளம் பெடியன்கள். என்னைப் பார்த்து நல்ல பற்களோடு சிரித்தார்கள். உள்ளே போனால் மேசை முழுக்கக் கடதாசி. பாஸ்போர்ட், சிட்டிசன் பத்திரம், முதன்முதல் வந்திறங்கியபோது தந்த பேப்பர், கலியாணப் பதிவு, போதாததற்கு வீட்டு வாடகை ஒப்பந்தம். ஒரு பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கும் அவ்வளவையும் அத்தான் கொட்டிப் பரப்பியிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. சீருடையைக் கண்டால் அத்தானுக்குக் கை தானாகவே அடையாள அட்டைக்குப் போகும். அந்தப் பழக்கத்தை இந்த நாட்டின் எந்தக் குளிரும் உறையவைக்கவில்லை.

"நல்ல பெடியள்," என்றார் அத்தான். "சப்பாத்தைக் கழட்டட்டோ எண்டு கேட்டவங்கள். எல்லாம் டக் டக்கெண்டு எழுதிக்கொண்டு போட்டாங்கள். ஒரு பிரச்சினையும் இல்லை."

கொடி போன வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையாம். பொலிஸ் வந்து எங்களைப் பிடித்துக்கொண்டு போகவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய வெற்றி. அக்கா சோபாவின் நுனியில் இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் நான் போனபோது அத்தான் கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடியே, நான் பொலிசுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"கறுத்தக் கார் எண்டு எழுதிப்போட்டாங்கள். ரெண்டு ஆம்பிளையள் எண்டும்."

எனக்கு விளங்கவில்லை. "நீ எனக்கு வெள்ளை வான் எண்டெல்லோ சொன்னனி? ரெண்டு பொம்பிளையள் எண்டு?"

"ஓம், வெள்ளை வான்தான். பின்சீற்றிலை குழந்தைப்பிள்ளையின்ர சீற்றும் இருந்தது. என்னைக் கட்டிப்பிடிச்சவளுக்கு நாடியிலை ஒரு மச்சம்."

"பிறகேன் கறுத்தக் கார் எண்டு சொன்னனி?"

"நான் சொல்லேல்லையடி. அந்தப் பெடியன்தான் கேட்டவன், கறுத்தக் கார்தானே எண்டு. ஓம் எண்டன். ரெண்டு ஆம்பிளையள்தானே எண்டான். அதுக்கும் ஓம் எண்டன். அவர் பக்கத்திலை நிண்டு யெஸ் சேர், யெஸ் சேர் எண்டுகொண்டு நிண்டவர்."

பிறகு அறிந்த கதை இதுதான். அந்த வட்டாரத்தில் வேறு எங்கோ கறுத்தக் காரில் வந்த இரண்டு ஆண்கள் களவெடுத்திருக்கிறார்கள். பொலிஸ் பெடியன் அதே கும்பல்தான் என்று வரும்போதே முடிவு கட்டிவிட்டான். அவன் மறுமொழியைக் கையோடு கொண்டுவந்தான், கேள்விக்குறியை மட்டும் எங்கள் வீட்டில் போட்டான். எங்கள் வீட்டில் சீருடை கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. அந்தக் காலத்தில் சென்ரியில் துவக்கோடு நின்றவனுக்கு இல்லை என்று சொன்னவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. சரி, அது அங்கே. இங்கே வந்து இத்தனை காலமாகியும், ஆளுக்கொரு பாஸ்போர்ட் இருந்தும், வாயில் அதே ஓம்.

"இப்பவே போன் அடிச்சு மாத்துவம்," என்றேன்.

அக்கா வல்லாரையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "ஐயோ வேண்டாம். முதல் ஒண்டு சொல்லி இப்ப ஒண்டு சொன்னா உள்ளுக்குப் போடுவாங்களாம். அவர் சொல்லுறார். சிட்டிசனையும் பறிப்பாங்களாம்."

"சிட்டிசனைப் பறிக்க அது என்ன உன்ர கொடியே, கட்டிப்பிடிச்சுக் கழட்டிறதுக்கு? விசர்க் கதை கதையாதை."

அவள் சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். போனில் வேண்டாம், முகம் தெரியாத ஆளிடம் வேண்டாம், கோபிக்காத ஒருவரை நேரே கண்டால் தானே சொல்லுகிறேன் என்றாள். எனக்குப் பொச்சம் தீரத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் பிடித்த கையை விடவில்லை. வெறும் கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தாள், கடைக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை. பிழையாகச் சொன்னது கொடியை விட அதிகமாக அவளைத் தின்றது.

அப்போதுதான் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் போனில் கூப்பிட்டார்.

அவருக்கு வீடு விற்கிற தொழில். பஸ் தரிப்பிடத்தில் சனம் இருக்கிற வாங்குகளில் விளம்பரப் படமாகக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிப்பார். ரொறன்ரோவில் எத்தனையோ சனம் தினமும் அவருடைய முகத்தின் மேல் குந்தி பஸ்சுக்குக் காத்திருக்கிறது, அந்தப் பெருந்தன்மைக்காகவாவது அவரை நான் மதித்திருக்க வேண்டும். முடியவில்லை.

"தங்கச்சி, அக்காவின்ர விசயம் கேள்விப்பட்டன். சரியான கவலை," என்றார். "நாங்கள் பொலிசோடை சேர்ந்து ஒரு விழா செய்யிறம். நம்பிக்கைப் பாலம் எண்டு பேர். பாதிக்கப்பட்ட ஒராள் மேடையிலை இருந்தா எடுப்பா இருக்கும். அக்காவே அதிகாரிக்குப் பொன்னாடை போர்த்தட்டும். ரெண்டு சொல்லும் சொல்லட்டும்."

கொடியைப் பறிகொடுத்தவள் பொலிசுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். ஆனால் அக்கா நினைவுக்கு வந்தாள். கோபிக்காத ஒரு பொலிசை நேரே காண வேண்டும் என்றவள் அல்லவா? பொன்னாடை போர்த்த வருகிறவளை எந்தப் பொலிஸ் கோபிக்கும்? அக்காவிடம் சொன்னேன். "அப்ப அங்கை வச்சுச் சொல்லிப்போடுறன்," என்றாள். அத்தானுக்குப் பொன்னாடையை மட்டும் சொன்னோம், மற்றதைச் சொல்லவில்லை.

விழாவுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மார்க்கம், யூனியன்வில் போன்ற பணக்கார இடங்களிலிருந்து பெரிய பெரிய கார்களில் வந்திருந்தார்கள். பொலிசில் நம்பிக்கை வைப்பதற்கு வந்தவர்களா, படம் எடுக்க வந்தவர்களா என்று கேட்காதீர்கள். மேடையில் பொலிஸ் அதிகாரி நல்ல உயரமான மனிதர், சாந்தமான முகம். வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவர் வணக்கம் என்றதும் சனம் கைதட்டியது பாருங்கள், ஒரு குழந்தை முதன்முதல் அம்மா என்று சொன்னால்கூட அவ்வளவு தட்டமாட்டார்கள்.

விளக்கேற்றுவதில் ஒரு பிரச்சினை. சப்பாத்தோடு ஏற்றலாமா என்று இரண்டு பேர் வழக்காடினார்கள். இடுப்பில் துவக்கோடு ஏற்றலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு சப்பாத்தோடேயே ஏற்றினார். அக்கா பொன்னாடையைப் போர்த்தினாள். அதன் குஞ்சம் அவர் தோளில் இருந்த வோக்கிடோக்கியில் மாட்டிக்கொண்டது. தலைவரும் செயலாளரும் இரண்டு பக்கமும் நின்று இழுத்து, கடைசியில் குஞ்சத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். அதற்கும் படம் எடுத்தார்கள்.

பிறகு அதிகாரி பேசினார். தமிழர்கள் அமைதியான சனம், கடின உழைப்பாளிகள், உங்கள் றோல்ஸ் எனக்கு நல்ல விருப்பம் என்றார். சனம் குளிர்ந்து போனது. பொலிஸ் சேர் றோல்ஸ் நல்லது என்று சொல்லிவிட்டார், இனி எங்களுக்கு இந்த நாட்டில் என்ன குறை? தெரியாத ஆட்களைத் தொட விடாதீர்கள், நகை போட்டுக்கொண்டு தனியே நிற்காதீர்கள் என்று படம் போட்டுக் காட்டினார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, மண்டபத்துக்கு முன்னால் கார் நிறுத்தினால் டிக்கட் எழுதுகிறார்கள், அதை நிற்பாட்ட முடியாதா என்று கேட்டார். இன்னொருவர் அதிகாரியோடு தனியே ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் சனத்துக்குப் பொலிசிடம் கேட்க இருந்தது.

தலைவர் அக்காவைக் கூப்பிட்டார். "எங்கட அக்கா இப்ப ரெண்டு சொல் சொல்லுவா. நான் இங்கிலீசிலை மொழிபெயர்ப்பன்."

அக்கா மைக்கைப் பிடித்தாள். நான் கீழே முன்வரிசையில் இருந்தேன். அதிகாரியைப் பார்த்துத்தான் பேசினாள், சனத்தைப் பார்க்கவில்லை.

"சேர், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். அது கறுத்தக் கார் இல்லை. வெள்ளை வான். ஆம்பிளையள் இல்லை, ரெண்டு பொம்பிளையள். ஒருத்திக்கு நாடியிலை மச்சம். நான் வேணுமெண்டு பொய் சொல்லேல்லை சேர். பயத்திலை ஓம் எண்டுபோட்டன்."

எனக்கு அழுகை வந்தது. என் அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

தலைவர் மைக்கை வாங்கினார். அழகான ஆங்கிலத்தில் சொன்னார்: பொலிசார் உடனே வந்து அன்பாகப் பேசியதற்கு இந்த அம்மா நன்றி சொல்கிறார், எல்லாரும் பயமில்லாமல் பொலிசை நம்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்.

அதிகாரி நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். சனம் கைதட்டியது. அட கோதாரி விழுவாரே! அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தமிழ் தெரியும், முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலமும் தெரியும். அவள் சொன்னதும் கேட்டது, இவன் சொன்னதும் கேட்டது. கேட்டுக்கொண்டே தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி, தட்டிக்கொண்டே, "பாவம் மனுசி," என்றாள். அக்கா என்ன நினைத்தாள் தெரியுமா? தான் சொன்னதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

அதைக் கண்டதும் எனக்கு விசர் வந்தது. எழுந்து மேடைக்குக் கிட்டப் போய் ஆங்கிலத்தில் கத்தினேன். அவள் நன்றி சொல்லவில்லை, அவள் சொன்னது இதுதான் என்று வெள்ளை வானிலிருந்து நாடி மச்சம் வரை சொன்னேன்.

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். "தங்கச்சி, இது அதுக்கான இடமில்லை. நல்லா நடக்கிற விழா."

"வேறை எது இடம் அண்ணை? பொலிசும் இருக்கு, களவு குடுத்தவளும் இருக்கிறாள். கள்ளரும் வந்தால்தான் இடமோ?"

பின்னாலிருந்து ஒருவர் என்னை இருக்கச் சொன்னார். இன்னொருத்தி, பொலிசுக்கு முன்னால் எங்கள் மானத்தை வாங்குகிறாளே என்றாள். அத்தான் மேடையேறி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். பாவம், அவர் முகத்தில் இரத்தம் இல்லை. இனி உள்ளேதான் என்று நினைத்திருப்பார்.

அந்த அதிகாரியைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் பொன்னாடையோடேயே இறங்கி வந்து, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அக்காவுக்கு முன்னால் இருந்தார். பயப்பட வேண்டாம், பிழையாகச் சொன்னதைத் திருத்துவது குற்றம் இல்லை என்றார். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு அவர் தன்னுடைய பெயர் அட்டையைத் தந்து, தான் சமூக உறவுப் பகுதி, களவு விசாரிப்பது வேறு பகுதி, சொல்லிவிடுகிறேன் என்றார். நம்பிக்கையைக் கட்டுகிறவன் ஒருவன், கள்ளனைப் பிடிக்கிறவன் வேறொருவன். இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில் தேநீர் குடிக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். தலைவர் மேடையில் என்ன மொழிபெயர்த்தார் என்பதை மட்டும் வீட்டுக்கு வந்து அவளுக்குச் சொன்னேன்.

விழா முடிந்து வந்த ஃபேஸ்புக் படங்களில் நான் இல்லை. அக்கா பொன்னாடை போர்த்துகிற படம் இருந்தது. கீழே எத்தனை வாழ்த்து, எத்தனை கும்பிட்ட கை! தலைவர் இப்போதும் என்னைக் கடையில் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறார். அது எனக்கு நல்ல வசதி.

பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான் விசாரணைப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சீருடை இல்லை, சாதாரண ஜக்கெட். அன்று நான் வேலைக்குப் போகாமல் அக்காவோடு இருந்தேன். அத்தான் பொலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார். அவள் சில முகப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அக்கா ஒன்றில் விரலை வைத்தாள். நாடியில் மச்சம்.

அந்தப் பெண் தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். கொடி களவு போனதற்கு அடுத்த நாளே அந்த வெள்ளை வானை நெடுஞ்சாலையில் பொலிஸ் மறித்திருக்கிறது. பின் லைட் எரியவில்லை என்பதற்காக. உள்ளே இவர்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரம் எல்லாரும் தேடியது கறுத்தக் காரையும் இரண்டு ஆண்களையும். லைட்டைத் திருத்தச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஆட்களைப் பிடித்தாலும் நகை கிடைக்காது, இதற்குள் எல்லாம் உருக்கியிருப்பார்கள்.

"உங்கள் அக்கா இதை முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்," என்றாள். குரலில் கவலை இருந்தது. மூடி திறந்த பேனா கையில் இருந்தது. "ஏன் சொல்லவில்லை என்று கேட்க முடியுமா?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஆனால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தலைவரைப் போல நானும் செய்வதா? அவ்வளவையும் அப்படியே அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். வான் மறித்தது, விட்டது, உருக்கியது, எல்லாம்.

அக்கா வெறும் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. அத்தான் மூலையிலிருந்து, "சொறி எண்டு சொல்லு, மன்னிப்புக் கேள்," என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துப் பேசினாள்.

"அண்டைக்கு என்னை ஆர் பிள்ளை கேட்டது? என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. மறுமொழியைத் தாங்களே சொல்லிப்போட்டு, அதுதானே எண்டு கேட்டவை. இவர் ஓம் சொல்லு எண்டு கண்ணைக் காட்டினவர். பிறகு மேடையிலை நான் வாய் திறந்து சொன்னதை அந்த மனுசன் விழுங்கினது, சனம் கைதட்டினது. இப்ப நீங்கள் வந்து, ஏன் சொல்லேல்லை எண்டு என்னைக் கேக்கிறியள்."

ஒரு சொல்லும் விடாமல், ஒரு சொல்லும் கூட்டாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பேனா அசையவில்லை.

"அதையும் எழுதச் சொல்லடி," என்றாள் அக்கா.